தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: ஒரு சஸ்பென்ஷன் தேர்வின் முழுக் கணக்கு

ஒரே காரைத் தினமும் வேலைக்கும் எடுத்துப்போய், அவ்வப்போது பந்தய டிராக்கிலும் ஓட்டுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ ஸ்பிரிங் போடலாம்" என்றுதான் (ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் அந்த எண்). நான் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று: பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது, வெளிப்பக்க முன் சக்கரம் மேலே ஏற இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இடம் பாக்கி இருக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு இதற்குப் பதில் தெரியாது. தெரிந்துவிட்டால் ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), உயரம் எல்லாமே கிட்டத்தட்டத் தானாக முடிவாகிவிடும். கீழே இருப்பது ஒரு நண்பரின் காருக்கு நாங்கள் அந்தப் பதிலைத் தேடிப்போன கதை, எண்களோடு.

கார் இரண்டு கதவு கூப்பே, பின்சக்கர ஓட்டம். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (டேம்பரே தூணாக நின்று, கீழே மட்டும் ஒரு ஆர்ம் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), பின்னால் டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள்). ஓட்டுநர் உட்கார்ந்தபின் எடை 1,325 கிலோ, அதில் 54 சதவீதம் முன்னால். வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையே) 2.57 மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.53 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 46 செ.மீ. நல்ல பிடியுள்ள தெரு டயர்கள், பிரேக் பேடும் பிரேக் திரவமும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது: டயரும் பிரேக்கும் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணங்களும்) சரியில்லாத காரில் சஸ்பென்ஷனுக்குச் செலவழிப்பது வீண். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் எல்லாரும் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

நண்பரின் புகார் இரண்டு. டிராக்கில் வளைவுக்குள் நுழையும்போது கார் முதலில் திரும்புகிறது, பிறகு திடீரென்று முன்பக்கம் பிடியை விட்டு வெளியே தள்ளுகிறது. அப்புறம், முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. அவர் முடிவு செய்துவைத்திருந்த மருந்து 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட். கார் பார்க்கவும் நன்றாக இருக்கும், ஈர்ப்பு மையமும் இறங்கும் என்பது அவர் வாதம். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது, எதையும் வாங்குவதற்கு முன் இருக்கிற டேம்பரின் தண்டில் ஒரு ஜிப் டையை இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு டிராக் நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லித்தான். டேம்பர் எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்தில் ஜிப் டை நின்றுவிடும். இதைவிட மலிவான அளவுகருவி கிடையாது. தலைகீழாக மாட்டும் வகை ஸ்ட்ரட்டில் மட்டும் தண்டு வெளியே தெரியாது என்பதால் இந்த வழி வேலைக்கு ஆகாது.

கார் நிற்கும்போது தண்டில் பம்ப் ஸ்டாப் வரை 62 மி.மீ. இருந்தது. ஓட்டிவிட்டு வந்தபோது ஜிப் டை அதையெல்லாம் தாண்டி, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கியிருந்தால்தான் போகக்கூடிய இடத்தில் இருந்தது. முதல் புகாருக்குக் காரணம் அதுதான். பம்ப் ஸ்டாப் ஒரு ரப்பர் மாதிரியான தடுப்பு, அதைத் தொட்ட நொடியில் அந்த மூலையின் ஸ்பிரிங் பல மடங்கு கெட்டியாகிவிடுகிறது. வளைவின் நடுவில் முன்பக்கம் மட்டும் இப்படிக் கெட்டியானால் வெளிப்பக்க முன் டயர் மீது சுமை திடீரென்று குவியும், பிடி போகும். ஓட்டுபவருக்கு அது அண்டர்ஸ்டியராக (திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளுவதாக) தெரிகிறது. அதற்கு ஸ்பிரிங் மென்மையாக இருப்பது பாதிக் காரணம், இடம் போதாதது மீதிப் பாதி.

கணக்கும் அதையே சொன்னது. பிரேக் பிடிக்கும்போது முன்னால் மாறும் சுமை என்பது எடையை ஈர்ப்பு மைய உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் வருவது. 1 ஜி (காரின் எடைக்குச் சமமான விசை) பிரேக்கில் இந்தக் காருக்கு 237 கிலோ, அதாவது முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 118. கம்பெனி முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 2.4 கிலோ. ஸ்ட்ரட் கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் சக்கரத்தில் உணரப்படுவது அதன் 90 சதவீதம், அதாவது 2.16. 118-ஐ 2.16-ஆல் வகுத்தால் மூக்கு 55 மி.மீ. இறங்குகிறது. சஸ்பென்ஷன் வடிவமைப்பு இதில் கொஞ்சத்தைத் தடுக்கும், ஆனாலும் பெரிதாகக் குறையாது. வளைவில் 1 ஜி-யில் கார் 3.5 பாகை சாய்கிறது, அதனால் வெளிச்சக்கரம் 47 மி.மீ. ஏறும். பிரேக்கும் திருப்பமும் கலந்து இரண்டிலும் 0.7 ஜி வீதம் வரும் வளைவு நுழைவில் 0.7 x (55 + 47), அதாவது 71 மி.மீ. தேவை. இருப்பது 62. பாதையில் ஒரு மேடும் இல்லாவிட்டால்கூட இடிக்கும்.

இப்போது அவர் ஆசைப்பட்ட ஸ்பிரிங்கை இதில் போட்டுப் பாருங்கள். அந்த மாதிரி செட்டுகள் பெரும்பாலும் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கால் பங்கு போலத்தான் கெட்டி. முன்னால் 3 கிலோ என்று வைத்தால் மூக்கு 44 மி.மீ. இறங்கும், சாய்வுக்கு 40, கலந்து வரும்போது 59. ஆனால் காரை 30 மி.மீ. இறக்கிவிட்டதால் பாக்கி இடம் 32 மட்டுமே! அதாவது தேவையில் 12 மி.மீ. மிச்சம் பிடித்து, இருப்பில் 30 மி.மீ.யை இழக்கிறோம். வண்டி தாழ்ந்து கம்பீரமாக நிற்கும், வளைவுக்கு வளைவு பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்துகொண்டே ஓடும். தெருவில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு பதில் சொல்லும்.

மெக்ஃபெர்சன் காருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இறக்க இறக்க கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது ரோல் சென்டர் (கார் சாயும்போது அது சுழலும் கற்பனைப் புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது, இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது, கார் சாய்வதற்கான நெம்புகோல் நீள்கிறது. சக்கரம் மேலேறும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வதும்) கிடைக்காமல் போகிறது. ஈர்ப்பு மையத்தை இறக்கிக் கிடைத்த லாபத்தை இது தின்றுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் குழம்புகிறார்கள். வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் மொத்தச் சுமை எடை, ஈர்ப்பு மைய உயரம், சக்கர இடைவெளி இந்த மூன்றால் மட்டும் தீர்மானமாவது. இந்தக் காருக்கு 1 ஜி-யில் அது ஏறக்குறைய 400 கிலோ. கல் மாதிரி ஸ்பிரிங் போட்டாலும் அந்த 400 குறையாது. ஸ்பிரிங்கும் ஆன்ட்டி-ரோல் பாரும் (சாய்வைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) செய்வது கார் எவ்வளவு சாய்கிறது என்பதையும், அந்த 400-ல் முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்பதையும் மாற்றுவதுதான். டேம்பர் இதைக்கூடச் செய்யாது. எவ்வளவு சீக்கிரம் சாய்கிறது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. நீண்ட வளைவில் கார் சாய்வது பிடிக்கவில்லை என்று டேம்பர் திருகை இறுக்குபவர்கள் தவறான திருகைத் திருகுகிறார்கள்.

ஆக தேவை தெளிவாகிவிட்டது. டிராக்கில் பம்ப் ஸ்டாப்பைத் தொடாத அளவுக்குக் கெட்டி, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம், ஏனென்றால் அதற்கு மேலான ஒவ்வொரு கிலோவுக்கும் தெருவில் விலை கொடுக்க வேண்டும்.

மூன்று வழிகளைப் பார்த்தோம். முதலாவது கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்து நல்ல டேம்பர் மட்டும் போடுவது, பில்ஸ்டீன் பி6 அல்லது கோனி ஸ்போர்ட் மாதிரி. (இறக்கிய காருக்குப் பி6 எடுக்காதீர்கள், தண்டைக் குட்டையாக்கிய பி8 அதற்காகவே இருக்கிறது.) வருடத்தில் ஒன்றிரண்டு டிராக் நாள் போகிறவருக்கு நான் இதையே சொல்வேன், இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். திசை மாற்றும்போது கார் தெளிவாக இருக்கும், சூட்டில் டேம்பர் களைக்காது, தெரு வசதி பெரிதாகக் கெடாது. ஆனால் முழு பிரேக்கில் மூக்கு இறங்கும் அந்த 55 மி.மீ. அப்படியே இருக்கும், கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். நண்பர் அடிக்கடி போகிறவர், எனவே இது போதவில்லை.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் காயிலோவர் செட்டை (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து, உயரம் மாற்றக்கூடியது) அப்படியே வாங்குவது. பார்த்த செட்டுகளில் ஒன்றில் முன்னும் பின்னும் 8 கிலோ. இரண்டும் 8 என்றால் சமம் என்று தோன்றும், அது சமம் இல்லை. இந்தக் காரின் பின்பக்க டேம்பர் ஆர்மின் நடுவில் பொருந்தியிருப்பதால் சக்கரம் ஒரு மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் 0.75 மி.மீ.தான் நகரும், அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், அதாவது 0.56. முன்னால் 7.2, பின்னால் 4.5 என்று ஆகிவிடுகிறது. கம்பெனிக் காரில் இரண்டையும் கூட்டினால் முன்பங்கு 51 சதவீதம், இந்தச் செட்டில் 62. ஏற்கெனவே முன்பக்கம் தள்ளுகிறது என்று புகார் சொல்கிற மனிதருக்கு முன்பக்கத்தை இன்னும் கெட்டியாக்கிக் கொடுப்பது எப்படிப்பட்ட மருந்து?

அதிர்வெண்ணாகப் பார்த்தால் இன்னும் புரியும். ஸ்பிரிங் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கார்களை ஒப்பிடவே முடியாது, அதிர்வெண் வைத்து ஒப்பிடலாம். சக்கரத்தில் உணரப்படும் கெட்டித்தன்மையை (நியூட்டன்/மீட்டரில்) அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடையால் (சக்கரம், பிரேக் போன்றவற்றைக் கழித்து) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். நிதானமான குடும்பக் கார்கள் 1 முதல் 1.3 வரை, ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை, காற்றழுத்த இறக்கைகள் இல்லாத பந்தயக் கார்கள் 2 முதல் 2.5 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் கார் கம்பெனியிலிருந்து வரும்போது முன் 1.29, பின் 1.38. பின்னால் கொஞ்சம் அதிகம் இருப்பது தற்செயல் இல்லை. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி கண்டுபிடித்த விஷயம் அது: மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் தாமதமாக ஏறுகிறது, பின்பக்கம் சற்று வேகமாக அசைந்தால் முன்னைப் பிடித்துவிடும், கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் சமமாக எழுந்து இறங்கும். 8-க்கு 8 செட்டில் முன் 2.36, பின் 2.03. வரிசையே தலைகீழ். நெடுஞ்சாலை இணைப்புகளில் மூக்கு தலையாட்டிக்கொண்டே போகும்.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். ஸ்பிரிங் எண்ணை நாமே சொல்லி, அதற்கேற்ப டேம்பர் வால்வையும் அமைத்துத் தரும் ஒரு மோனோட்யூப் காயிலோவர். முன் 5 கிலோ, பின் 7 கிலோ. அதிர்வெண் முன் 1.87, பின் 1.90. முன்பங்கு 53 சதவீதம், கம்பெனி மனசுக்குப் பக்கத்திலேயே. 1 ஜி பிரேக்கில் மூக்கு 26 மி.மீ. இறங்கும், சாய்வு 2.2 பாகை, அதற்கு 29. வளைவு நுழைவில் மொத்தம் 39 மி.மீ. காரை இறக்கியது 15 மி.மீ. மட்டும், டேம்பர் உடலே குட்டை என்பதால் பம்ப் ஸ்டாப் வரை 58 மி.மீ. கிடைத்தது. மேடு பள்ளத்துக்கும் டிராக் ஓரத்து கெர்பில் ஏறுவதற்கும் 19 மி.மீ. மிச்சம். தேடியது இந்த மிச்சத்தைத்தான்.

உயரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். சில செட்டுகளில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைச் சுற்றித்தான் உயரம் மாற்ற வேண்டும், காரை இறக்கினால் டேம்பரின் மேல்நோக்கிய ஓட்டம் அதே அளவு குறையும். வேறு சிலவற்றில் டேம்பரின் கீழ்ப்பகுதியே தனியாகச் சுற்றும், உயரம் மாறினாலும் டேம்பர் ஓட்டம் மாறாது. இரண்டாவது வகை எனக்குப் பிடிக்கும், ஆனால் அதிலும் டயர் உள்பக்கத் தகட்டில் இடிக்கும் எல்லை ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடக்கூடாது. இன்னொன்று, தட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நம்புகிறார்கள். நேரியல் ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது, கார் உயர்கிறது, அவ்வளவே.

டேம்பர்தான் பணம் போக வேண்டிய இடம். ஸ்பிரிங் ஒரு கம்பிச் சுருள், ஓரளவு நல்ல யாரும் சரியாகச் செய்துவிடுவார்கள். டேம்பர் அப்படி இல்லை. முன்பக்கக் கெட்டித்தன்மை இரண்டு மடங்கு ஆகும்போது, அதே அளவு அடக்கம் வேண்டுமானால் டேம்பர் விசை 1.44 மடங்கு வேண்டும் (2.08-இன் வர்க்கமூலம்). பழைய டேம்பர் மேல் கெட்டி ஸ்பிரிங் போட்ட கார்கள் மேட்டைத் தாண்டியபின்னும் குதித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். டேம்பர் நகரும் வேகமும் முக்கியம். கார் சாய்வது, மூக்கு இறங்குவது எல்லாம் மெதுவான நகர்வுகள், நொடிக்கு 50 மி.மீ. சுற்றுவட்டாரம். பள்ளத்தில் விழுவது, கெர்பில் ஏறுவது அதைவிடப் பல மடங்கு வேகம். நமக்கு வேண்டியது மெதுவான நகர்வில் உறுதி, வேகமான நகர்வில் இளக்கம். இரண்டையும் ஒரே டேம்பரில் கொடுக்க முடிவது வால்வின் கைத்திறன். ஓலின்ஸின் ரோட் அண்ட் டிராக் செட்டில் இருக்கும் டியூவல் ஃப்ளோ வால்வ், கோனியின் அதிர்வெண்ணைப் பார்த்து இளகும் டேம்பர், எல்லாம் இந்த ஒரே பிரச்சினைக்கான வெவ்வேறு பதில்கள். தெருவும் டிராக்கும் சேர்ந்த காருக்கு இதைவிடப் பயனுள்ள தொழில்நுட்பம் எனக்குத் தெரியவில்லை.

மோனோட்யூப் ஏன் என்றால், அதில் எண்ணெய்க்கும் உயர் அழுத்த நைட்ரஜனுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் இருக்கிறது, தொடர்ந்து அடிவாங்கினாலும் எண்ணெய் நுரைக்காது, ஒற்றைச் சுவர் என்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். ட்வின்ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்) மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ட்வின்ட்யூப், மோசமான மோனோட்யூபைத் தோற்கடிக்கும். திருகுகளின் எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். ஒற்றைத் திருகு வைத்த பல செட்டுகளில் அதைச் சுற்றினால் ரீபவுண்டும் (டேம்பர் நீளும்போதான அடக்கம்) கம்ப்ரஷனும் (அமுங்கும்போதானது) கலந்து மாறும், எது எவ்வளவு மாறியது என்று யாருக்கும் தெரியாது. கேடபிள்யூ வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும், 2-இல் ரீபவுண்ட், 3-இல் ரீபவுண்டும் கம்ப்ரஷனும் தனித்தனியாக என்று பிரித்திருப்பது நேர்மையான வழி. விற்பவரிடம் விசை-வேக வரைபடம் கேளுங்கள், இடது வலது டேம்பர்களின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று பாருங்கள். வரைபடமே தர மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

மேல் மவுன்ட்டில் ஒரு சமரசம் செய்தோம். முன்னால் கேம்பர் பிளேட் (கேம்பரை மாற்ற உதவும் மேல் மவுன்ட்) கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இரண்டாவது புகாரான வெளி ஓரத் தேய்மானத்துக்கு மருந்து கேம்பர்தான். முழு உலோக உருண்டை மூட்டு தெருவில் டொக்டொக் என்று சத்தம் போடும், தூசியும் தண்ணீரும் பட்டுச் சீக்கிரம் தளரும். அதனால் முன்னால் மட்டும் அது, பின்னால் கம்பெனி ரப்பர். முன் கேம்பர் மைனஸ் 2.5 பாகை, பின் மைனஸ் 1.8, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் லேசாக உள்நோக்கி. இவ்வளவு கேம்பர் வைத்தால் தெருவில் உள் ஓரம் தின்றுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. உண்மையில் டயரைச் சீக்கிரம் தின்பது தப்பான டோ. டோ சரியாக இருந்தால் இந்த அளவு கேம்பரோடு தினமும் ஓட்டலாம், டயரை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

நான்கு மூலை எடையையும் சரிசெய்தோம். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம், பாதி டேங்க் பெட்ரோல், ஆன்ட்டி-ரோல் பார் இணைப்புகள் கழற்றி வைத்து, குறுக்கு எடை (ஒரு முன் மூலையும் அதற்குக் குறுக்கே உள்ள பின் மூலையும் சேர்ந்து தாங்கும் பங்கு) 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

ஓட்டிப் பார்த்ததில், திடீரென்று பிடியை விடுவது போய்விட்டது. கார் இப்போதும் எல்லையில் முன்பக்கம் லேசாகத் தள்ளும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளுகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டால் திரும்புகிறது. ஜிப் டை பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே நிற்கிறது, கெர்பில் முழுசாக ஏறிய இடத்தைத் தவிர. டயர் வெப்பம் முன்பு வெளி ஓரத்தில் குவிந்திருந்தது, இப்போது உள் ஓரம் சற்றே அதிகம், நடுவும் வெளியும் அதற்குப் பக்கத்தில். மைனஸ் 2.5-க்கு எதிர்பார்க்க வேண்டியது இதுதான்.

தெருவில் கார் முன்பைவிடக் கெட்டிதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட சாலை தெரிகிறது, கேம்பர் பிளேட்டின் சத்தமும் குளிர்ந்த காலையில் கேட்கிறது. வேகம் ஏறியபின் பெரிய மேடுகளில் பழைய காரைவிட அமைதியாக இருக்கிறது, ஒரே அசைவில் முடிந்துவிடுகிறது. தெருவுக்கு ரீபவுண்டை நான்கு கிளிக் இளக்கி வைக்கிறார், டிராக்கில் திரும்ப ஏற்றுகிறார். அவர் 17 அங்குலச் சக்கரத்தோடு நின்றுகொண்டதும் பெரிய உதவி. டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான், 19 அங்குலம் போட்டிருந்தால் இந்த வசதியில் பாதி போயிருக்கும்.

ஆன்ட்டி-ரோல் பார்களைத் தொடவில்லை. பின்பாரைக் கொஞ்சம் தடிமனாக்கினால் மிச்சமிருக்கும் அண்டர்ஸ்டியரும் போகும் என்று அவர் சொல்கிறார். போகும்தான். ஆனால் மழை நாளில் தெருவில் பின்பக்கம் வழுக்கும் கார் எனக்கு வேண்டாம், அவருக்கும் வேண்டாம் என்றேன். இப்போதைக்கு விட்டுவிட்டார். காயிலோவர் இழைகளில் மண்ணும் ஈரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், கழுவும்போதெல்லாம் அவற்றைத் துலக்கி கிரீஸ் தடவ வேண்டும், டேம்பருக்கு எண்ணெயும் சீலும் மாற்றும் சர்வீஸ் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வாங்கினார். சில நாடுகளில் இப்படி மாற்றியதற்குச் சான்றிதழ் வேண்டும், காப்பீட்டுக்கும் சொல்ல வேண்டும், அதைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

அவர் இப்போது ஸ்லிக் (கோடுகள் இல்லாத பந்தய) டயர் பக்கம் கண் வைத்திருக்கிறார். அதற்கும் அதே கணக்குதான். பிடி 1.3 ஜி ஆனால் வளைவு நுழைவில் 39 மி.மீ. என்பது 50 ஆகிவிடும், 58-இல் மிச்சம் 8 மட்டும், கெர்பில் ஏறினால் நிச்சயம் இடிக்கும். அந்த டயர் வாங்கும் நாளில் 6-க்கு 8 ஸ்பிரிங்கும் அதற்கான வால்வும் சேர்த்து வாங்க வேண்டும், அப்போது முன்னும் பின்னும் 2 ஹெர்ட்ஸைத் தாண்டும், தினமும் வேலைக்கு எடுத்துப்போக அவருக்கு வேறு கார் தேவைப்படும்.